செத்த மீனை விட்டுப் போனவன்

கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு எவன் வந்து நின்றாலும் இந்தக் காலத்து ஜனங்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது ஜூகிச்சியின் தீராத ஆத்திரம். யார் நீ என்று கேட்பதில்லை. எதற்கு என்று கேட்பதில்லை. பட்டையில் நாலு எழுத்து அச்சடித்திருந்தால் போதும். கோவணத்தை அவிழ் என்றாலும் அவிழ்த்து, நாலாய் மடித்து, இரண்டு கையாலும் நீட்டி, தலையையும் குனிந்துவிட்டுப் போவார்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் புலம்புவார்கள், தேசம் கெட்டுப்போச்சு என்று. தேசம் எங்கே கெட்டது? இவர்களுக்கு முதுகெலும்பு எங்கே போச்சு என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

ஜூகிச்சிக்கு எழுபத்து நாலு வயது. நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. நாகோயாவில் ஏழு மாடிக் கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் திருடர்களைப் பிடிக்கும் காவல்காரனாக இருந்துவிட்டு, குசுமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் வந்து உட்கார்ந்து, வாசலில் ‘துப்பு விசாரிக்கப்படும்’ என்று பலகை மாட்டியிருந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பள்ளத்தாக்கின் ஒரே டாக்சியை ஓட்டும் கினுயோவுக்கு வாயை மூடத் தெரியாது. நாலு வருஷமாக இருவரும் இப்படித்தான் தொழில் நடத்துகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆற்றின் மேல்கரையில் ஹமுராவின் மீன் கொட்டகை முன்னால் கினுயோ வண்டியை நிறுத்தினாள்.

“மூணு நேரம்தான் இருக்கு” என்று ஓடி வந்தாள் ஹமுராவின் மனைவி ஷிஸே. “ஒரு மணிக்கு ஆத்துச் சங்கத்துல கூட்டம். இவரைச் சங்கத்துலேந்து நீக்கிட்டு போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. கொட்டகையும் போயிரும். ஜூன்லேந்து அக்டோபர் வரைக்கும் இதை வெச்சுத்தான் வருஷம் பூரா சோறு.”

“மூணு நேரம் இல்ல, மூணு மணி நேரம்” என்றாள் கினுயோ. “பயத்துல வாய் குழறுது பாவம். உக்காரும்மா.”

விஷயம் இதுதான். அந்த ஆற்றில் ஓடுவது அயு மீன். அயு தனக்கென்று ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு, அதில் படரும் பாசியைத் தின்று வாழும். வேறு மீன் எல்லைக்குள் வந்தால் பாய்ந்து முட்டும். அதனால் இங்கே தூண்டில்காரன் புழு கட்டுவதில்லை. உயிருள்ள இன்னொரு அயுவின் மூக்கில் வளையம் மாட்டி வம்புக்கு அனுப்புவான். சொந்தக்கார மீன் முட்ட வரும்போது, வம்பு மீனின் வாலுக்குப் பின்னால் தொங்கும் கொக்கி அதன் முதுகில் ஏறிவிடும். அந்த வம்பு மீனை விற்பதுதான் ஹமுராவின் தொழில்.

வெள்ளிக்கிழமை தொடங்கி இரண்டு நாளாக ஒரு மர்ம ஆசாமி ஆற்றில் அலைந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குக் கட்டும் முகத்துணி, கையில் ஆற்றுக் காவலர் பட்டை. வெளியூர்த் தூண்டில்காரர்களாகப் பார்த்து, ‘இது தடை செய்த பகுதி, மீன் பறிமுதல்’ என்று சொல்லிப் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போனான். ஐந்து பேர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாதவர்கள் எத்தனை பேரோ.

சங்கத் தலைவர் அகாஹோரி ராத்திரியோடு ராத்திரியாகக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். ஹமுரா பன்னிரண்டு வருஷம் ஆற்றுக் காவலராக இருந்தவர். போன வருஷம் தலைவரோடு வாய்த்தகராறாகி விலக்கப்பட்டவர். கைப்பட்டையைத் திருப்பிக் கொடுக்காதவர். வேறு யார்?

“பட்டை எங்க?” என்றார் ஜூகிச்சி.

ஹமுரா தொட்டியின் ஓரத்தைக் காட்டினார். தண்ணீர்க் குழாயின் விரிசலில் ஒரு கந்தல் இறுக்கிச் சுற்றியிருந்தது. எழுத்து பாதி அழிந்து, பாசி படர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

“போன அக்டோபர்லேந்து அங்கதான் இருக்கு. நல்ல துணி. ஆனா ஒழுக்கு நிக்கல.”

“சங்கத்துல சொன்னீங்களா?”

“‘ஒண்ணு குழாயில, இன்னொண்ணு பையில’ங்கறாரு தலைவரு.”

இந்தப் பேச்சுக்கிடையே கினுயோ தொட்டியில் நீந்தும் மீன் ஒன்றைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினாள். ஹமுரா அவள் மணிக்கட்டில் பட்டென்று அடித்தார்.

“கையை நனை! காஞ்ச கையோட தொட்டா மேல இருக்கற வழுவழுப்பு போயிரும். உன் கைச்சூடு அதுக்கு நெருப்பு மாதிரி. ரெண்டு மூணு நாள்ல வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும்.”

“அம்மாடி. எங்க வீட்டுக்காரரு என்கிட்ட இவ்வளவு மென்மையா நடந்துகிட்டதில்ல” என்று கையை உதறினாள் கினுயோ. “அந்தப் பக்கம் இருக்கற மீனுக்கெல்லாம் முதுகுல என்ன, அம்மை போட்ட மாதிரி?”

“இடது பக்கம் பண்ணை மீனு. முதுகு மழமழன்னு இருக்கும். வலது பக்கம் ஆத்து மீனு, நானே புடிச்சது. கொக்கி ஏறின இடத்துல செவப்பா ஒரு புள்ளி விழும்.”

ஜூகிச்சி புகார்க் கடிதங்களின் நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரலை ஓட்டிப் படித்தார். மெதுவாகப் படிப்பவர்தான். ஆனால் விரல் போன இடத்தில் எதையும் தாண்டிப் போகாது.

“அஞ்சு பேரும் ஒரே விஷயத்தை எழுதியிருக்கான். செத்த மீனைத் திருப்பிக் கொடுத்துட்டானாம்.”

“நல்ல மனசுக்காரத் திருடன்” என்றாள் கினுயோ.

“உயிரோட இருக்கற மீனை மட்டும் எடுத்திருக்கான். சாப்பிடறதுக்கா இருந்தா காலையில செத்தது சாயங்காலமும் ருசியாத்தான் இருக்கும். உயிர் மீனு யாருக்கு வேணும்?”

நாலு பேருடைய கண்ணும் தானாக, தொட்டியின் வலது பக்கத்தில் முதுகுப் புள்ளியோடு நீந்தும் மீன்கள்மேல் போய் நின்றது.

“பெரியவரே” என்றாள் கினுயோ, “வந்து கால் மணி நேரத்துல நம்ம கட்சிக்காரரையே தூக்கு மேடையில ஏத்திட்டீங்க. சங்கத்துக்குக்கூட ஒரு ராத்திரி பிடிச்சுது.”

“சத்தியமா நான் இல்ல!” என்று கத்தினார் ஹமுரா. “நீங்களாவது நம்புங்க!”

“நான் யாரையும் நம்பறதில்ல. நம்பறதுக்கு ஆள் வேணும்னா கோயிலுக்குப் போ” என்று எழுந்தார் ஜூகிச்சி. “புகார் எழுதினவன்ல இன்னிக்கு எவன் ஆத்துல இருக்கான்?”

*

ஓகிஷிமா என்று பெயர். நாகோயாவில் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். கொட்டகைக்கு அரை மைல் கீழே, ஒன்பது மீட்டர் தூண்டில் கம்பை நீட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் கரையேறினார். மேல்சட்டையின் இடது மார்பில் சங்கத்தின் தூண்டில் அனுமதிச் சீட்டு, பள்ளிக்கூடத்துப் பெயர் வில்லை மாதிரி நேராகக் குத்தியிருந்தது.

“நான் முழு ஒத்துழைப்பு கொடுத்தேன்” என்றார் எடுத்த எடுப்பிலேயே. “அது பதிவாகணும்.”

“எத்தனை மீன்ல ஒத்துழைப்பு?” என்றாள் கினுயோ.

“பதினேழு. அதுல மூணு செத்துப்போயிருந்துது, திருப்பிக் கொடுத்துட்டார். நியாயமாத்தான் நடந்துகிட்டார்.”

“நன்றி சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

கினுயோ வானத்தைப் பார்த்தாள். ஜூகிச்சி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

“நீ நீயாவே நில்லு. இவதான் அந்தக் காவலன்னு வெச்சுக்கோ. வந்தான், அப்புறம் என்னென்ன பண்ணினான், ஒண்ணு விடாமச் சொல்லு. எல்லாம் கையால பண்ணினது. வாயால பண்ணினது எனக்கு வேண்டாம்.”

ஓகிஷிமா யோசித்து யோசித்துச் சொன்னார். “சீட்டைக் காட்டுங்கன்னார். நான் கழட்டி நீட்டினேன். அவர் முதல்ல இடுப்புல செருகியிருந்த துண்டுல கையைத் துடைச்சார், விரலிடுக்கெல்லாம். ரெண்டு கையாலயும் வாங்கினார். முன்பக்கம் பாத்தார், திருப்பிப் பின்பக்கம் பாத்தார். அப்புறம் அவரே என் சட்டையில குத்திவிட்டார், கோணாம நேரா. அதுக்கப்புறம் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மீனை ஒவ்வொண்ணா எடுத்துத் தன் பெட்டியில போட்டார்.”

“எந்தக் கையால?”

“வலது கைதான்.”

“அதைக் கேக்கல. துடைச்ச கையாலயா?”

“ஆமா. காஞ்ச கை. ரொம்பச் சுத்தமான மனுஷன்.”

கினுயோ தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ஜூகிச்சி அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். ஓகிஷிமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அந்தச் சீட்டைக் குடு” என்றார் ஜூகிச்சி. வாங்கிப் பின்பக்கம் திருப்பி, விரலை வைத்தார். “இதைப் படிச்சிருக்கியா?”

“பொடி எழுத்து. யார் படிப்பாங்க?”

“நான் படிப்பேன். படிக்காதவன்தான் படிப்பான். கேளு. காவலர் கேட்டா சீட்டைக் காட்டணும். சீட்டு இல்லேன்னா அங்கேயே வாங்கணும். தடைப்பட்ட இடத்துல தூண்டில் போடக்கூடாது. மீறினா நிறுத்துன்னு காவலர் சொல்லலாம், நீ நிறுத்தணும். அதெல்லாம் உன் கடமை. அடுத்த வரி. காவலர் பட்டை கட்டியிருக்கணும், அடையாள அட்டை வெச்சிருக்கணும், கேட்டா காட்டணும். அது அவன் கடமை. பறிமுதல்னு எங்கயாவது இருக்கா? உன் கண்ணு என் கண்ணைவிட நல்ல கண்ணு, பாரு.”

ஓகிஷிமா குனிந்து பார்த்தார். “...இல்லை.”

“பெட்டியைத் திறன்னு இருக்கா?”

“இல்லை.”

“உன் பெட்டி அது. நீ திறக்க மாட்டேன்னா அவன் போலீஸைக் கூப்பிட்டுட்டுக் காத்துகிட்டிருக்கணும். போலீஸ்காரனே பிடுங்கணும்னா நீதிபதி எழுதின காகிதம் வேணும். முப்பத்தோரு வருஷம் நான் கடையில நின்னேன். பையைத் திறன்னு ஒரு தடவை ஒரு கிழவிகிட்ட கை நீட்டிட்டேன். உள்ள நாலு பட்டுக் கைக்குட்டை இருக்குன்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ‘தொட்டா கத்துவேன், நீ போலீஸா’ன்னா. தொடல. எழுதப் படிக்கத் தெரியாத திருட்டுக் கிழவி. அவளுக்குத் தெரிஞ்ச சட்டம் துணைத் தலைமையாசிரியருக்குத் தெரியல.”

“அட்டையைக் கேட்டா என்ன நினைச்சுப்பார்?” என்றார் ஓகிஷிமா, குரல் இறங்கி. “சந்தேகப்படறேன்னு தோணாதா?”

“சந்தேகப்படத்தான்யா கேக்கறது!”

ஆற்றங்கரையில் இருந்த ஒரு கொக்கு எழுந்து பறந்துவிட்டது. ஜூகிச்சி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் காட்டினார். “ஏறு. அந்த ஈரக் காலோடயே ஏறு.”

“என் வண்டி பாழாயிரும்” என்றாள் கினுயோ.

“இவனை அந்த ஆளு வெறுங்கையோட அனுப்பினதைவிடப் பெரிய பாழ் இல்ல அது.”

*

வண்டி மலைப்பாதையில் இறங்கியது. பின் இருக்கையில் ஓகிஷிமா கம்பை ஜன்னல் வழியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஹமுரா இல்ல, சரி” என்றாள் கினுயோ. “ஹமுரா தூக்கத்துலகூட கையை நனைச்சிட்டுத்தான் மீனைத் தொடுவாரு. விக்கற சரக்கை எவனாவது வேணும்னே கெடுப்பானா? அப்போ மீனைப் பத்தித் தெரியாதவன்.”

“மீனைப் பத்தித் தெரியாதவன் இல்ல. காகிதத்தைப் பத்தி ரொம்பத் தெரிஞ்சவன். சீட்டு நனையக் கூடாதுன்னு கையைத் துடைக்கறான். மீனு என்ன ஆனாலும் அவனுக்குக் கவலை இல்ல. ஹமுராவுக்கு மீனு பத்து நாள் தாங்கணும். இவனுக்கு ரெண்டு நாள் தாங்கினாப் போதும்.” ஜூகிச்சி கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொண்ணு. திருட வந்த போலிக்காரன் எதுக்குச் சீட்டோட பின்பக்கத்தைப் படிக்கணும்?”

“நீங்க ஒருத்தர்தான் படிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“அதான். ரெண்டே நாள், உயிரோட நீந்தினாப் போதும். அப்படி ஆத்து மீனு எவனுக்கு வேணும்?”

பாலத்தில் வண்டி ஏறியபோது கினுயோ பிரேக்கை அழுத்தினாள். ஓகிஷிமாவின் மூக்கு முன் இருக்கையில் இடித்தது. பாலத்தின் குறுக்கே கட்டியிருந்த துணிப் பதாகை காற்றில் படபடத்தது: ‘குசுமி ஆற்றுச் சங்கம் நடத்தும் கோடைவிழா. குழந்தைகள் வெறுங்கையால் அயு பிடிக்கலாம். ஞாயிறு காலை பதினொன்றரை.’

“வியாழக்கிழமை” என்றாள் கினுயோ மெதுவாக, “சங்கத்துக் கட்டடத்துக்குப் பின்னாடி வண்டியைத் திருப்பினேன். காக்கான்னா காக்கா, கூரை தெரியல. அழுகின நாத்தம். விழாவுக்கு மீனு வந்து இறங்கினது புதன்கிழமை.”

“நாலு நாளா ஏன் சொல்லல?”

“என்கிட்டப் பேச்சைக் குறைன்னு சொன்னது யாரு?”

*

சங்கத்து மைதானத்தில் நீலத் தார்ப்பாய் விரித்துக் குளம் கட்டியிருந்தார்கள். கரி அடுப்பில் குச்சி சொருகிய மீன்கள் உப்புப் பூத்துச் சுருண்டுகொண்டிருந்தன. எழுபது எண்பது குழந்தைகள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கயிற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். சங்கத்துக் கமிட்டிக்காரர்கள் ஏழு பேரும் ஒரே மாதிரி நீல மேலங்கி. தலைவர் அகாஹோரி ஒலிபெருக்கியில், ஆற்றின் பெருமையையும் சங்கத்தின் நேர்மையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குளத்தின் ஓரத்தில் செயலாளர் நெமோட்டோ, முழங்கை வரை ஈரத்தோடு, காற்றுக்குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஆற்றுக் காவலர்களுக்கெல்லாம் மேலாள் அவன்தான். ஒல்லி, கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் தலை குனிவான்.

கூட்டத்தின் ஓரத்தில் ஹமுராவும் ஷிஸேயும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களைச் சுற்றி இரண்டடி தூரத்துக்கு யாரும் நிற்கவில்லை.

ஜூகிச்சி செருப்பைக் கழற்றினார். கயிற்றைத் தாண்டினார். குளத்தில் இறங்கினார்.

“பெரியவரே!” ஒலிபெருக்கி அலறியது. “குழந்தைகளுக்கு மட்டும்தான்!”

அவர் இரண்டு கையையும் தண்ணீரில் அலசி, குனிந்து, ஒரு மீனை அள்ளித் தூக்கினார். முதுகில் சிவப்புப் புள்ளி. அதை விட்டுவிட்டு இன்னொன்று. அதற்கும் புள்ளி. மூன்றாவதுக்கு இரண்டு புள்ளி.

“இதெல்லாம் எங்கேந்து வந்துது தலைவரே?”

“பண்ணை மீன். புதன்கிழமை இறக்கினோம். ஏன்?”

“பண்ணைத் தொட்டியில இதுக்கு எவன் தூண்டில் போட்டான்?”

வரிசையில் நின்ற அப்பாமார்களில் பாதிப் பேர் தூண்டில்காரர்கள். நாலைந்து தலைகள் குளத்துக்குள் எட்டிப் பார்த்தன. முணுமுணுப்பு எழுந்தது. அகாஹோரி அனுபவசாலி. ஒரு மூச்சுதான் தடுமாறினார்.

“பண்ணை மீன் போதாம இருந்துது. மிச்சத்தை ஹமுராகிட்ட வாங்கினோம்!” என்று கையை நீட்டினார். “எங்களுக்கு என்ன தெரியும், அது வழிப்பறி பண்ணின மீன்னு? பாருங்க ஜனங்களே, திருடின மீனைச் சங்கத்துக்கே வித்திருக்கான்!”

முணுமுணுப்பு அப்படியே ஹமுராவின் பக்கம் திரும்பியது. “பொய்! ஒரு மீனு குடுக்கல!” என்றாள் ஷிஸே, குரல் கிழிய. யாரோ, “போலீஸ் எங்கே?” என்றார்கள். ஹமுராவின் முகம் சாம்பலாகிவிட்டது.

“பெரியவரே” என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள் கினுயோ, “காலையில தூக்கு மேடை ஏத்தினீங்க. இப்பக் கயித்தையும் மாட்டிட்டீங்க.”

ஜூகிச்சி குளத்திலிருந்து ஏறினார். ஓகிஷிமாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, அவர் மார்பிலிருந்த சீட்டை ஈரக் கையோடு கழற்றினார். நெமோட்டோவிடம் நீட்டினார்.

“செயலாளர்தானே நீ? இவன் வெளியூர்க்காரன். இந்தச் சீட்டு செல்லுமா, பாத்துச் சொல்லு.”

“இப்பவா?” என்றான் நெமோட்டோ.

“இப்பத்தான்.”

நெமோட்டோ எழுந்தான். இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவினான். விரலிடுக்கெல்லாம் கையைத் துடைத்தான். இரண்டு கையாலும் சீட்டை வாங்கினான். முன்பக்கம் பார்த்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். ஈரம் பட்ட மூலையைத் துண்டில் ஒற்றினான். “செல்லும்” என்று சொல்லிவிட்டு, ஓகிஷிமாவின் மார்பில், இடது பக்கம், கோணாமல் நேராகக் குத்திவிட்டான்.

ஓகிஷிமா ஓரடி பின்வாங்கினார்.

“இதே... இதே மாதிரி. இதே கை!”

நெமோட்டோ குனிந்து தன் கைகளைப் பார்த்தான், அவை வேறு யாருடையவோ என்பதுபோல. இருபத்தாறு வருஷமாகச் சீட்டு எழுதிய கைகள். முகத்தை மறைக்கத் தெரிந்தவனுக்குக் கையை மறைக்கத் தெரியவில்லை.

“வியாழக்கிழமை ராத்திரி முழுக்கக் காத்துக்குழாய் நின்னு போயிருக்கு” என்றான், யாரையும் பாராமல். “காலையில வந்தா எல்லாம் மிதக்குது. பின்னாடி புதைச்சேன். தலைவர்கிட்டச் சொன்னேன். ‘விழா நிக்கக்கூடாது, ஏற்பாடு பண்ணு’ன்னார்.”

“புதைச்சது வெள்ளிக்கிழமை இல்ல, வியாழக்கிழமை” என்றாள் கினுயோ. “நான் காக்காயைப் பாத்தது வியாழக்கிழமை.”

“புதன் ராத்திரி. புதன் ராத்திரிதான்” என்று திருத்திக்கொண்டான். திருடினாலும் தேதி சரியாக இருக்க வேண்டும் அவனுக்கு. “வியாழக்கிழமை பூரா வேற பண்ணைக்குப் போன் பண்ணினேன். யாருகிட்டயும் மீன் இல்ல.”

“நான் ஏற்பாடு பண்ணுன்னுதான் சொன்னேன்!” என்றார் அகாஹோரி. “பிடுங்குன்னு சொல்லல!”

“ஹமுரா மேல போடலாம்னும் நீங்கதான் சொன்னீங்க” என்றான் நெமோட்டோ, மிக மரியாதையாக. மார்புப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் ஜூகிச்சியிடம் நீட்டினான். “யாரும் கேக்கல. கேட்டிருந்தா காட்டியிருப்பேன். காட்டணும்னு விதி.”

ஜூகிச்சி அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“ரெண்டு நாளா போலிக் காவலன், போலிக் காவலன்னு தேடினீங்களே. போலி எவனும் இல்ல. பட்டை அசல். அட்டை அசல். ஆள் அசல். பண்ணின காரியம் ஒண்ணுதான் போலி.”

அப்போது ஓகிஷிமா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“அப்போ இவர் நிஜமான காவலர்தானா?”

“நிஜம்தான்.”

“அப்பாடா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “போலி ஆள்கிட்ட ஏமாந்துட்டோமேன்னு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அதிகாரமுள்ளவர்கிட்டத்தானே கொடுத்திருக்கேன். எனக்கு இனி ஒண்ணும் வருத்தம் இல்ல.”

ஜூகிச்சி அட்டையை நெமோட்டோவின் கையிலேயே திருப்பித் திணித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கினுயோ தலைவர் பேசிய மேடையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வழக்கப்படி நடந்தது. நீல மேலங்கிகள் ஏழும் வரிசையாக நின்று, இடுப்பு வரை குனிந்து, எண்ணிப் பத்து நொடி அப்படியே நின்றன. ஒரு மணிக் கூட்டம் ரத்து. ஹமுராமேல் போட்டது தவறான புரிதல். கொட்டகை அவருக்கே. நெமோட்டோ ‘உடல்நலம் கருதி’ விடுப்பில் போகிறார். ஷிஸே இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஓகிஷிமாவின் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். தன் பதினாலு மீன்களையும் வருங்காலச் சந்ததிக்கு அன்பளிப்பாகத் தருவதாக அவர் அறிவித்தார். கைத்தட்டல்.

நிமிர்ந்த அகாஹோரி நேராக ஜூகிச்சியிடம் வந்தார். கையில் மொடமொடவென்று ஒரு புதுக் கைப்பட்டை.

“உங்களை மாதிரி ஆள்தான் சங்கத்துக்கு வேணும். கௌரவக் காவலரா இருக்கணும் நீங்க.”

ஜூகிச்சி அதை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். குளத்தோரம் நின்ற ஹமுராவின் தோளில் போட்டார்.

“உன் குழாய் இன்னும் ஒழுகுது.”

ஹமுரா வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். அவர் கண் குளத்தில் இருந்தது. “நல்ல மீனுங்க, பெரியவரே. இப்படி மிதிபட்டுச் சாகுதுங்க” என்று முணுமுணுத்தபடி கையை நனைத்தார். துடிப்பாக ஓடிய இரண்டு மீனை அள்ளித் தன் வாளியில் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. ஜூகிச்சி பார்த்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு சாலையை நோக்கி நடந்தார்.

கினுயோ வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “ஏறுங்க. ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டு மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சுக்கறீங்க. அவங்கதான் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாச்சே.”

“தலைவன் ‘ஏற்பாடு பண்ணு’ன்னு சொன்னப்போ அந்த அறையில எத்தனை பேர் இருந்தான்? ‘ஹமுரா மேல போடு’ன்னப்போ எத்தனை பேர் இருந்தான்? ஏழு பேரும் குனிஞ்சான். குனிஞ்சா ஒரு சௌகரியம், எவன் மூஞ்சியும் தெரியாது.”

“திருந்த மாட்டாங்கங்கறீங்களா?”

“நீ போ. நான் நடக்கறேன்.”

பின்னால் ஒலிபெருக்கி மறுபடி உயிர்பெற்றது. கைப்பட்டை கட்டியவர்கள் சொல்கிறபடி எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கவும் என்றது. கால்கள் சரளைக்கல்லில் நகர்ந்து ஒழுங்காகும் சத்தம் கேட்டது. எதற்கு என்று ஒரு குரல்கூட எழவில்லை. ஜூகிச்சி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.